டைனமோ புஷ்

டைனமோ புஷ் என்பது பழைய வகைத் தானுந்துகளில் மின்சாரம் உண்டாக்கும் டைனமோவின் பின்முனையில், சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் சிறிய வெண்கல வளையம் ஆகும். இது உராய்வுத் தாங்கி வகையைச் சேர்ந்தது. எஞ்சினின் துணைக்கருவிகளான டைனமோ, ஸ்டார்ட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் ஆகியவற்றில் இத்தகைய புஷ்கள் உள்ளன. ஓடும் காலத்துக்கு ஏற்ப இவை தேய்வது இயல்பு. தேய்ந்த புஷ்ஷை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் டைனமோ முழுவதும் பழுதாவதுடன், எஞ்சினும் கொதித்துக் கெடக்கூடும்.

இக்கட்டுரை இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய தானுந்துகளில் பொருத்தப்பட்ட லூக்காஸ் வகை டைனமோவை எடுத்துக்காட்டாகக் கொண்டு, புஷ் தேயும் காரணங்களையும் அதை மாற்றும் முறையையும் விளக்குகிறது.

பின்னணி

1960-களிலும் 1970-களிலும் இந்தியச் சாலைகளில் ஓடிய தானுந்துகளில் மிகப் பெரும்பாலானவை மூன்று வகைகளுள் அடங்கின. முதலாவது, இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் 1957 முதல் 2014 வரை தயாரித்த அம்பாசிடர். இரண்டாவது, பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் பெற்ற ஃபியட். மூன்றாவது, ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் 1961 முதல் 1971 வரை தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இவற்றுள் ஹெரால்டு தமிழ்நாட்டிலேயே உருவானது. அதன் தொழிற்சாலை சென்னைக்குத் தெற்கே வண்டலூர் - பெருங்களத்தூர் பகுதியில், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது.

அம்பாசிடர், ஹெரால்டு இரண்டும் பிரித்தானிய வடிவமைப்பைத் தழுவியவை. ஆகையால் அவற்றின் மின்கருவிகளும் பிரித்தானிய லூக்காஸ் நிறுவனத்தின் வடிவமைப்பையே பின்பற்றின. லூக்காஸ் நிறுவனமும் டிவிஎஸ் குழுமமும் இணைந்து 1961-இல் லூக்காஸ்-டிவிஎஸ் நிறுவனத்தைத் தொடங்கின. சென்னையை அடுத்த பாடியில் அமைந்த இந்நிறுவனம் இந்திய வண்டிகளுக்கான டைனமோக்களையும் ஸ்டார்ட்டர்களையும் தயாரித்தது.

பட்டு நெசவுக்கும் கோயில்களுக்கும் பெயர்பெற்ற காஞ்சிபுரம், சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. திருமணப் பட்டு எடுக்க வரும் குடும்பங்களையும் கோயில்களுக்கு வருவோரையும் ஏற்றிவரும் வாடகை வண்டியாக அம்பாசிடர் பல ஆண்டுகள் பயன்பட்டது. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்திலிருந்து அத்திவரதர் சிலை 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்படுகிறது. 1979-இல் அதைக் காண வந்த தானுந்துகள் பெரும்பாலும் மேற்கூறிய வகைகளாகவே இருந்திருக்கும். 2019-இல் மீண்டும் சிலை எடுக்கப்பட்டபோது டைனமோ பொருத்திய தானுந்துகள் அரிதாகிவிட்டன.

நெடுஞ்சாலையில் சீராக ஓடிவந்த வண்டி, கோயில் நகரத்தின் மாடவீதிகளில் ஊர்ந்து செல்லும் நிலை டைனமோவுக்குக் கடினமானது. இதற்கான காரணம் அடுத்துவரும் பகுதியில் விளக்கப்படுகிறது.

அமைப்பு

டைனமோ உருளை வடிவானது. வெளிக்கூட்டின் உட்புறத்தில் இரண்டு புலச்சுருள்களும் அவற்றைத் தாங்கும் இரும்பு முனைத்துண்டுகளும் உள்ளன. நடுவில் ஆர்மெச்சூர் சுழல்கிறது. ஆர்மெச்சூருக்கும் முனைத்துண்டுகளுக்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு.

ஆர்மெச்சூர்த் தண்டு இரண்டு இடங்களில் தாங்கப்படுகிறது:

- முன்முனையில், கப்பி பொருத்தப்பட்ட பக்கத்தில், ஒரு குண்டுத் தாங்கி உள்ளது. பட்டறைகளில் இது பால் பேரிங் எனப்படும்.
- பின்முனையில், திசைமாற்றியும் கார்பன் பிரஷ்களும் உள்ள பக்கத்தில், வெண்கலப் புஷ் உள்ளது.

எஞ்சினின் முன்புறத்தில் உள்ள ஒரே ஃபேன் பெல்ட், டைனமோவையும் தண்ணீர்ப் பம்பையும் குளிர்விக்கும் விசிறியையும் சேர்த்தே சுழற்றுகிறது. எனவே டைனமோவின் தண்டு இறுகிப் பெல்ட் அறுந்தால் மின்சாரம் மட்டும் நிற்பதில்லை. குளிர்நீர் ஓட்டமும் விசிறியும் நின்றுவிடுகின்றன. அந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால் எஞ்சின் கொதித்து, சிலிண்டர் தலையின் கேஸ்கெட் எரிந்துபோகவும் தலைப்பகுதி வளைந்துபோகவும் வாய்ப்புண்டு. ஒரு சிறிய வளையத்தின் தேய்மானத்தைப் பொருட்படுத்த வேண்டிய முதற்காரணம் இதுவே.

நுண்துளை வெண்கலம்

டைனமோ புஷ் பார்வைக்குப் பித்தளை வளையம் போலத் தோன்றினாலும், அது கட்டித் திண்மமான உலோகத்தால் ஆனதன்று. ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்த உலோகத் தூளை அச்சில் அழுத்தி, உருகாத அளவுக்குச் சூடேற்றி இறுகச் செய்து இதை உருவாக்குகின்றனர். இவ்வாறு செய்வதால் துகள்களுக்கிடையே கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் எஞ்சுகின்றன. புஷ்ஷின் கனவளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இத்துளைகளே எனலாம். இத்தகைய தாங்கிகள் 1930-களில் அமெரிக்காவின் கிரைஸ்லர் நிறுவனத்தின் 'ஆயிலைட்' என்ற வணிகப்பெயரால் பரவலாக அறியப்பட்டன.

நுண்துளைகளில் எண்ணெய் நிரம்பியிருக்கும். தண்டு சுழலும்போது உண்டாகும் வெப்பத்தால் எண்ணெய் விரிந்து புஷ்ஷின் உட்பரப்பில் கசிகிறது. அது தண்டுக்கும் புஷ்ஷுக்கும் இடையில் மெல்லிய படலமாக நின்று உராய்வைக் குறைக்கிறது. தண்டு நின்று குளிர்ந்ததும் நுண்புழை விளைவால் எண்ணெயின் பெரும்பகுதி மீண்டும் துளைகளுக்குள் இழுக்கப்படுகிறது.

மாட்டுவண்டியில் அச்சுக்கும் சக்கரத்தின் குடத்துக்கும் இடையே வண்டி மை இடும் வழக்கம் இருந்தது. வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்துச் செய்யப்பட்ட இந்த மை தீரத் தீரப் புதிதாக இடப்பட வேண்டும். டைனமோ புஷ்ஷோ தனக்கு வேண்டிய எண்ணெயைத் தன் உடலிலேயே சேமித்து வைத்துக்கொள்கிறது. ஆகையால் அதை வெறும் வளையமாகக் கருதாமல் எண்ணெய்க் கலமாகவும் கருத வேண்டும். பின்வரும் மாற்று முறையில் உள்ள கட்டுப்பாடுகள் பலவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே எழுகின்றன.

தேய்மானத்துக்கான காரணங்கள்

எண்ணெய் இன்மை

டைனமோவின் பின்மூடியின் நடுவில் எண்ணெய் விடுவதற்கான சிறு துளை உள்ளது. உள்ளே எண்ணெயைப் பிடித்துவைக்கும் கம்பள வளையம் ஒன்றும் உண்டு. குறித்த கால இடைவெளியில் இத்துளையில் சில துளிகள் எஞ்சின் எண்ணெய் விட வேண்டும். பலரும் இத்துளை இருப்பதையே அறியாததால் புஷ் வறண்டு தேய்கிறது. மாறாக, எண்ணெயை அளவுக்கு மீறி விட்டால் அது திசைமாற்றியில் பரவி மின்தொடர்பைக் கெடுக்கும்.

அளவுக்கு மீறி இறுக்கிய பெல்ட்

டைனமோ மிகக் குறைந்த வேகத்தில் மின்கலத்தை மின்னேற்றுவதில்லை. எஞ்சின் வெறுமனே ஓடும்போது டைனமோ உண்டாக்கும் மின்னழுத்தம் மின்கலத்தின் மின்னழுத்தத்தை எட்டாது. அப்போது கட்-அவுட் பெட்டி இரண்டுக்குமான இணைப்பைத் துண்டித்து வைத்திருக்கும். கூட்டம் நிறைந்த வீதியில் முகப்பு விளக்குகளுடன் ஊர்ந்து செல்லும் வண்டியில் மின்கலம் செலவாகிறதேயன்றி நிரம்புவதில்லை. இது டைனமோ வகையின் இயல்பான குறைபாடு, பழுதன்று.

ஆயினும், மின்னேற்றம் குறைந்ததைக் கண்டவுடன் பெல்ட் நழுவுவதாக எண்ணி அதை மேலும் இறுக்குவது வழக்கமாக உள்ளது. இதன் விளைவை ஏற்றத்தின் அமைப்பைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். கப்பி, முன்முனைத் தாங்கிக்கு வெளியே நீண்டு நிற்கிறது. பெல்ட் அதைக் கீழ்நோக்கி இழுக்கும்போது முன்முனைத் தாங்கி நிலைக்காலைப் போலச் செயற்பட்டு, தண்டின் பின்முனை மேல்நோக்கி உந்தப்படுகிறது. இதனால் புஷ் எல்லாப் பக்கமும் சமமாகத் தேயாமல், பெல்ட் இழுக்கும் திசைக்கு எதிர்ப்பக்கத்தில் மிகுதியாகத் தேய்ந்து நீள்வட்டமாகிறது.

இவ்வாறு இல்லாத பழுதுக்குச் செய்யும் பரிகாரமே உண்மையான பழுதை உண்டாக்கிவிடுகிறது. தண்டு ஒருபக்கமாக விலகியதும் அப்பக்கத்து முனைத்துண்டின் காந்த ஈர்ப்பும் கூடுகிறது. ஆகையால் தேய்மானம் தொடங்கியபின் அது விரைந்து வளர்கிறது.

அறிகுறிகளும் சோதனையும்

புஷ் தேய்ந்திருப்பதைப் பின்வரும் அறிகுறிகளால் அறியலாம்:

- டைனமோவின் பின்முனையிலிருந்து கீச்சொலியோ உறுமலோ எழுதல்
- எஞ்சின் வேகமாக ஓடும்போதும் மின்னேற்ற எச்சரிக்கை விளக்கு மினுங்குதல்
- கார்பன் பிரஷ்களில் மிகுதியான தீப்பொறி தோன்றுதலும் பிரஷ்கள் ஒருபக்கமாகத் தேய்தலும்
- பிரித்துப் பார்க்கும்போது ஆர்மெச்சூரின் இரும்புப் பரப்பில் உரசிய பளபளப்பான தடம் காணப்படுதல்

டைனமோவைக் கழற்றுமுன் மின்சோதனை ஒன்றைச் செய்யலாம். டைனமோவின் 'டி', 'எஃப்' முனைகளில் உள்ள கம்பிகளை நீக்கிவிட்டு, அவ்விரு முனைகளையும் ஒரு சிறு கம்பியால் இணைக்க வேண்டும். அந்த இணைப்புக்கும் வண்டியின் உடலுக்கும் இடையில் வோல்ட்டுமானியைப் பொருத்தி, எஞ்சினைத் தொடக்கி மெல்ல வேகம் கூட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ள டைனமோவில் மின்னழுத்தம் தள்ளாடாமல் விரைந்து ஏறும். 20 வோல்ட்டைத் தாண்ட விடக்கூடாது. ஒரு வோல்ட் அளவிலேயே நின்றால் புலச்சுருளிலும், 4 அல்லது 5 வோல்ட் அளவில் நின்றால் ஆர்மெச்சூர்ச் சுற்றிலும் பழுது இருக்கலாம். அந்நிலையில் புஷ்ஷை மட்டும் மாற்றுவது பயன் தராது.

மாற்றும் முறை

முன்னெச்சரிக்கை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைத்தடையை இட வேண்டும். எஞ்சின் ஆறியபின் மின்கலத்தின் இணைப்பை நீக்க வேண்டும். எஞ்சினை ஓடவிட்டுச் சோதிக்கும்போது துண்டு, வேட்டி, தளர்ந்த சட்டைக்கை ஆகியவை பெல்ட்டிலோ விசிறியிலோ சிக்காதவாறு பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஊறவைத்தல்

இப்பணியின் முதற்படி கழற்றுவதன்று. புதிய புஷ்ஷை ஊறவைப்பதே. புஷ்ஷை எஸ்ஏஇ 30 தரத் தூய எஞ்சின் எண்ணெயில் 24 மணிநேரம் முழுமையாக மூழ்க வைக்க வேண்டும். அவசரமாயின் எண்ணெயை 100° செல்சியசு வெப்பத்தில் 2 மணிநேரம் வைத்து, அது ஆறியபின் புஷ்ஷை வெளியே எடுக்கலாம். எண்ணெய்ப் பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைப்பது ஆபத்தானது. கொதிநீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் அதை வைத்தால் வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. எண்ணெயில் நீர் தெறிக்காதவாறு கவனமாக இருக்க வேண்டும்.

கழற்றுதல்

1. கம்பிகளை அடையாளமிட்டு நீக்கி, பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றி, டைனமோவை வெளியே எடுக்க வேண்டும்.
2. டைனமோவின் இரு முனைகளையும் இணைக்கும் இரண்டு நீண்ட போல்ட்டுகளைக் கழற்ற வேண்டும். மூடிகளுக்கும் கூட்டுக்கும் குறுக்கே முன்னதாக ஒரு கோடு கீறிவைத்தால் மீண்டும் பொருத்துவது எளிது.
3. பின்மூடியைப் பிரித்து, பின்னர் முன்மூடியுடன் சேர்த்து ஆர்மெச்சூரை உருவி எடுக்க வேண்டும்.
4. தண்டில் புஷ்ஷுக்குள் சுழலும் பகுதியை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். வரிப்பள்ளங்கள் தட்டுப்பட்டால் புதிய புஷ்ஷும் விரைவில் தேயும். தண்டையே சரிசெய்ய வேண்டும்.

பழைய புஷ்ஷை எடுத்தல்

பின்மூடியில் புஷ் பதிந்துள்ள குழி மறுபக்கம் அடைபட்டிருப்பதால் அதைத் தட்டி வெளியேற்ற இயலாது. 5/8 அங்குலத் திருகுவெட்டியைப் புஷ்ஷுக்குள் நேராகச் சில சுற்றுகள் திருகி, அதைப் பிடித்து இழுத்தால் புஷ் உடன் வந்துவிடும். பட்டறைகளில் இக்கருவி 'டேப்' எனப்படும். சாய்வாகத் திருகினால் மூடி பழுதாகும். புஷ்ஷுக்குப் பின்னாலுள்ள கம்பள வளையத்தைத் தூய்மை செய்து எண்ணெயில் நனைக்க வேண்டும்; நைந்திருந்தால் மாற்ற வேண்டும்.

புதிய புஷ்ஷைப் பொருத்துதல்

தண்டின் விட்டத்துக்குச் சமமான, நன்கு மெருகேற்றிய, தோள் உள்ள எஃகு உருளையைப் புஷ்ஷுக்குள் நுழைத்து, வைஸின் உதவியால் மெல்ல அழுத்திப் பொருத்த வேண்டும். புஷ்ஷின் முகம் மூடியின் உள்முகத்துடன் சமமாக அமைய வேண்டும். குழிக்குள் அழுந்தும்போது புஷ் சிறிது சுருங்கும். உள்ளிருக்கும் உருளை அதைத் தேவையான அளவில் நிறுத்திவைப்பதால், பொருத்தியபின் அதைக் கடைய வேண்டிய தேவை ஏற்படுவதில்லை.

பொருத்திய புஷ் இறுக்கமாக இருக்கிறதென்று அதைத் துளைசீவியாலோ எமரித் தாளாலோ பெரிதாக்கக் கூடாது. அவ்வாறு செய்தால் மென்மையான வெண்கலம் இழுபட்டு நுண்துளைகளின் வாய்களை அடைத்துவிடும். எண்ணெய் உள்ளே இருந்தும் வெளியே கசிய வழியிருக்காது.

இதே காரணத்தால், லேத்தில் கட்டிப் பித்தளைக் கம்பியிலிருந்து கடைந்த புஷ் உண்மையான மாற்றாகாது. அளவு துல்லியமாக இருந்தாலும் அதனால் எண்ணெயைச் சேமிக்க இயலாது. பழைய வண்டிகளுக்கு உதிரிகள் கிடைப்பது அரிதாகும்போது இவ்வழியை நாடுவதுண்டு. அளவு பொருந்தும் நுண்துளை வெண்கலப் புஷ்கள் பொதுப் பயன்பாட்டுக்காகப் பல அளவுகளில் தயாரிக்கப்படுவதால், உள்விட்டம், வெளிவிட்டம், நீளம் ஆகிய மூன்றையும் அளந்து அவற்றுள் ஒன்றைத் தேர்வதே நன்று.

மீண்டும் இணைத்தல்

திசைமாற்றியைப் பெட்ரோல் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். கறை போகாவிட்டால் நுண்ணிய உப்புத்தாளால் மெல்லத் தேய்க்கலாம். எமரித் தாள் கூடாது. அதன் கடினமான துகள்கள் திசைமாற்றியில் பதிந்து பிரஷ்களைத் தேய்க்கும். குட்டையாகிவிட்ட பிரஷ்களை இச்சமயத்திலேயே மாற்றிவிடுவது நல்லது.

பிரஷ்களைச் சற்று உயர்த்தி, வில்சுருளின் முனை அவற்றின் பக்கவாட்டில் அழுந்துமாறு நிறுத்தினால் அவை இறங்காமல் நிற்கும். மூடியைப் பொருத்தியபின், அதிலுள்ள காற்றுத்துளை வழியாக மெல்லிய திருப்புளியால் வில்சுருளைப் பிரஷ்ஷின் தலைமீது ஏற்றிவிடலாம். போல்ட்டுகளை இறுக்கியபின் கப்பியைக் கையால் சுழற்றிப் பார்க்க வேண்டும். தண்டு தடையின்றிச் சுழல வேண்டும். பக்கவாட்டில் ஆடக் கூடாது.

வண்டியில் பொருத்தி, பெல்ட்டை மாட்டும்போது அதன் மிக நீளமான பகுதியின் நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ அரை அங்குலம் உள்வாங்குமாறு இறுக்கினால் போதும். நெடுநாள் ஓடாதிருந்த டைனமோ தன் எஞ்சிய காந்தத்தன்மையை இழந்திருக்கலாம். 'டி', 'எஃப்' முனைகளில் கம்பிகளை இணைக்குமுன், மின்கலத்தின் உயிர்முனையிலிருந்து ஒரு கம்பியால் 'எஃப்' முனையை ஒரு கணம் தொட்டு எடுத்தால் உரிய காந்தமுனைமை மீளும்.

பிற துணைக்கருவிகளில் புஷ்

ஸ்டார்ட்டர்: இதன் தண்டு இரு முனைகளிலும் பெரும்பாலும் புஷ்களாலேயே தாங்கப்படுகிறது. இவை தேய்ந்தால் ஆர்மெச்சூர் முனைத்துண்டுகளில் உரசி, எஞ்சின் மெதுவாகச் சுழலும். மின்னோட்டமும் மிகுதியாகச் செலவாகும். இதை மின்கலத்தின் பழுதாகக் கருதிப் புதிய மின்கலம் வாங்குவோர் உண்டு.

டிஸ்ட்ரிபியூட்டர்: தண்டின் புஷ் தேய்ந்தால் தண்டு ஆடி, தொடுமுனைகளின் இடைவெளி சுற்றுக்குச் சுற்று மாறும். தீப்பொறி எழும் நேரம் தடுமாறுவதால் எஞ்சின் சீராக ஓடாது.

ஆல்டர்னேட்டர்: குறைந்த வேகத்திலும் மின்னேற்றக்கூடிய ஆல்டர்னேட்டர், பிற்கால அம்பாசிடர்களிலும் அதன்பின் வந்த தானுந்துகளிலும் டைனமோவின் இடத்தைப் பெற்றது. இதன் இரு முனைகளிலும் பொதுவாகக் குண்டுத் தாங்கிகளே உள்ளன. எனினும் எஞ்சினுடன் பிணைக்கும் காதுகளில் எஃகுப் புஷ்கள் இருப்பதுண்டு. இவை தளர்ந்தால் ஆல்டர்னேட்டர் சாய்ந்து, பெல்ட் கோணலாக ஓடி ஒலி எழுப்பும். காஞ்சிபுரம் மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஹூண்டாய் ஆலையின் தொடக்ககாலச் சான்ட்ரோக்களும் இன்று இருபது ஆண்டுகளைக் கடந்த பழைய வண்டிகளே.

இன்றைய நிலை

இந்தியாவில் தனியார் தானுந்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதிச் சோதனை செய்து பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த, முதல் வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவுசெய்ய 2021-இல் நடுவண் அரசு விதிகளை வகுத்தது. டைனமோவை நீக்கி ஆல்டர்னேட்டரைப் பொருத்துவது அன்றாடப் பயன்பாட்டுக்கு வசதியானது. ஆயினும் வண்டியை அதன் முதல் வடிவிலேயே பேண விரும்புவோர் டைனமோவையே வைத்துக்கொள்கின்றனர். அவர்கள் ஓராண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டினாலும், பின்மூடித் துளையில் சில துளி எண்ணெய் விடுவதும் பெல்ட்டை அளவோடு இறுக்குவதும் புஷ்ஷின் வாழ்நாளை நீட்டிக்கும் எளிய வழிகளாகும்.